அரை வீசை போதும்

நேற்று முகாமிலிருந்து நான் பாதியில் எழுந்து போனது உங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். தென்னூர் மைதானத்தில் தினமும் என்னோடு நடக்கிறவர்கள் நீங்கள். பட்டாளத்துக் குடும்பங்களுக்கான இலவச உடல்நல முகாம் ஆயிற்றே, நீயும் பட்டாளத்துக்காரர் மகள்தானே என்று அக்கறையோடுதான் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். அந்த நர்ஸ் பெண்ணும் மரியாதையாகத்தான் சொன்னாள், "செருப்பைக் கழட்டிட்டு மெஷின்ல ஏறுங்கம்மா" என்று. அதற்குப் போய் நான், "முதல்ல என் கையைத் தொட்டுப் பாரு, அப்புறம் எடையைப் பாரு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பெண் பாவம், முகம் செத்துப் போயிற்று.

மன்னிப்புக் கேட்கலாம், கேட்கிறேன். ஆனால் நான் ஏன் கத்தினேன் என்பதையும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். அறுபது வருஷத்துக் கோபம் இது. இன்னும் ஆறவில்லை.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். எனக்குப் பத்து வயது. அப்பா பட்டாளத்தில் நாயக், எங்கேயோ பனிமலைப் பக்கம் எல்லையில் இருந்தார். அம்மாவும் நானும் திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்களுக்கான வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். லைன் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஓட்டு வீடு, ஓர் அறை, ஒரு அடுப்படி. அடுத்த வீட்டில் சாச்சி. சித்தி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவேன். கோட்டைப் பக்கம் பழைய ஊரைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம். அவருடைய வீட்டுக்காரரும் அப்பாவோடு அதே மலையில்தான் இருந்தார்.

அந்தத் தை மாதம் பெரிய ஆபீசரின் மனைவி லைனுக்கு வந்தார். நாங்கள் அவரைப் பெரிய மேம்சாப் என்போம். எல்லாரையும் மைதானத்தில் நிற்க வைத்துப் பேசினார். "எல்லையில நிக்கிறவர் திடமா இருக்கணும்னா, வீட்ல இருக்கிறவங்க திடமா இருக்கணும். நாளையிலேர்ந்து காலைல ஆறு மணிக்கு எல்லாருக்கும் பி.டி." என்றார். பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் விசில் ஊதிற்று. யாரும் சிரிக்கவில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, குழந்தை பெற்ற பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். சாச்சி வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடுவார். ரிட்டயரான ஹவில்தார் ஒருவர்தான் பி.டி. மாஸ்டர். பெண்களை நேராகப் பார்க்கக் கூச்சம், அதனால் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே "லெஃப்ட், ரைட்" என்பார். ஓடி முடித்ததும் அலுமினியக் குவளையில் பவுடர் பால். சரியாகக் கரையாத கட்டிகள் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி மீன் எண்ணெய், எல்லா வாய்க்கும் அதே கரண்டி. வீட்டுக்கு வந்து ஷூவுக்கு வெள்ளை பூசிக் காய வைப்போம். அந்தச் சுண்ணாம்பு வாசனை வந்தால் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அம்மாவுக்கு ஓட்டம் பிடித்திருந்தது. மண்ணச்சநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். முதல் வாரம் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு வந்து நின்று, "நாத்து முடியைத் தலைல வச்சுக்கிட்டு வரப்புல ஓடினவடி நான், இதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்று சிரித்தாள். வியர்த்து, முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, அவ்வளவு அழகாக இருந்தாள். மேம்சாப்கூடக் கை தட்டினார்.

பாழாய்ப் போனது அந்த அட்டையால்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லாருக்கும் எடை பார்ப்பார்கள். ரோஸ் நிற அட்டை, இரண்டு பிரதி. ஒன்று எடை பார்க்கும் பட்டாளத்து நல சென்டரில் இருக்கும், இன்னொன்று எல்லையில் இருக்கும் புருஷனுக்குத் தபாலில் போகும். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வரும் கம்பவுண்டர் மாமா எடையைப் பார்த்து எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. ராத்தல் கணக்கில், அதாவது பவுண்டில், எடை, அதன் கீழே "க்ஷேமம்" என்று ஒரு வார்த்தை. டாக்டர் மேஜையில் உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். எடை குறைந்தவர்களை மட்டும்தான் அவர் நிமிர்ந்து பார்ப்பார். மற்றவர்கள் அவருக்கு அட்டைகள்தான்.

மாசியில் அம்மாவுக்கு இருமல் தொடங்கிற்று. சாயங்காலமானால் உடம்பு சுடும், காலையில் விட்டுவிடும். பங்குனி சனிக்கிழமை எடை பார்த்தபோது தொண்ணூற்றெட்டு ராத்தல். போன மாதத்தைவிட நாலு ராத்தல் குறைவு. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சாப்பாடு சரியில்லையா? அடுத்த மாசமும் இறங்கினா எக்ஸ்ரே எடுக்கணும்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் சாச்சி வந்து கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார், "எக்ஸ்ரேக்கு மட்டும் போயிடாதே தங்கச்சி. கோடி வீட்டுக்காரிய அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. நெஞ்சுல கறை இருக்குன்னாங்க. ஒரே வாரத்துல கட்டிலு, டிரங்குப் பெட்டி எல்லாத்தையும் வண்டியில ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவ புள்ளைங்க படிப்பும் போச்சு."

அம்மா என்னைத்தான் பார்த்தாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவி.

ஊருக்கு அனுப்புவது உண்மைதானா, சாச்சி கேள்விப்பட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் பயத்தைப் போக்க அந்தச் சென்டரில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நோய் வந்தால் பார்த்துக்கொள்கிறோம், வீட்டை விட்டு அனுப்ப மாட்டோம் என்று அந்த மேம்சாப் ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். ஒலிபெருக்கி வைத்துத் தேசத்தைப் பற்றிப் பேச நேரம் இருந்தது. இதைச் சொல்ல நேரமில்லை.

பத்து நாள் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிப்பேன். "நலம், நலமறிய ஆவல். நான் தினமும் ஓடுகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். அட்டை கிடைத்தது. நாலு ராத்தல் குறைந்திருக்கிறாயே, என்ன காரணம்? காவலில் நிற்கும்போதெல்லாம் இதே நினைவாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை." கடைசி வரிகளை நான் விழுங்கியிருக்கலாம். நன்றாகப் படிக்கிறேன் என்ற பெருமையில் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். அம்மா கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கம் இல்லாம துப்பாக்கி பிடிச்சா என்னாகும்?" என்றாள்.

அந்த வாரம் மண்ணச்சநல்லூருக்குப் போனோம். அம்மாவின் அண்ணன், என் மாமா, அங்கே அரிசி மில்லில் எடை போடுகிறவர். கிலோக் கற்கள் வந்துவிட்டதால் பழைய வீசைக் கற்களெல்லாம் மூலையில் சாக்கு மேல் கிடந்தன. வீசை என்றால் மூன்று ராத்தல், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கனமான இரும்பு, நடுவில் முத்திரை, தொட்டால் விரலில் துரு வாசனை ஒட்டும். அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதுல ரெண்டு மூணு எடுத்துக்கவா? ஊறுகாய் ஜாடி மூடி மேல வைக்கணும்."

"எடுத்துக்கம்மா. இனிமே அது கவர்மென்டுக்கே வேணாம்" என்றார் மாமா.

இரண்டு வீசைக் கற்கள், ஒரு அரை வீசைக் கல். பஸ்ஸில் அந்தப் பையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைக் கிழித்து, அம்மா உள்பாவாடையின் பின்பக்கம் ஒரு பை தைத்துக்கொண்டாள். சித்திரை சனிக்கிழமை காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவெல்லாம் காய்ச்சல் அடித்திருந்தது. "அரை வீசை போதும்டி. ஒண்ணரை ராத்தல். கொஞ்சமா ஏறினாத்தான் நம்புவாங்க" என்றாள்.

அரை வீசைக் கல்லைக் கையில் எடுத்தேன். எனக்கு அது போதாது என்று தோன்றிற்று. அப்பா தூங்க வேண்டும், நான் பள்ளிக்கூடம் போக வேண்டும், யாரும் எக்ஸ்ரே என்று சொல்லக் கூடாது. அரையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வீசைக் கற்களையும் போட்டுப் பையை நாடாவால் இறுக்கிக் கட்டினேன். அம்மா திரும்பினாள். "ஏய், எத்தனைடி வச்ச?" என்று கேட்டாள். அதே நேரம் வெளியே விசில் ஊதிற்று. அவிழ்க்க நேரமில்லை. என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டு நடந்தாள்.

"பேஷ்! நூத்தி நாலு! ஒரே மாசத்துல ஆறு ராத்தல் ஏறிடுத்தே!" என்றார் கம்பவுண்டர் மாமா. "க்ஷேமம்" என்று எழுதினார். டாக்டர் நிமிரவில்லை. மேம்சாப் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லதுதான். ஆனா இவ்வளவு வேகமா ஏறக் கூடாது. சோத்தைக் குறைங்க. நீங்க இன்னிலேர்ந்து மத்தவங்களைவிட ரெண்டு ரவுண்டு அதிகமா ஓடுங்க."

நான் வைத்த கல் செய்த வேலை இது. எடை பார்த்த கையோடு ஓட்டம். அந்தக் காய்ச்சல் உடம்போடு, இரண்டு வீசை இரும்பைக் கட்டிக்கொண்டு, அம்மா ஆறு ரவுண்டு ஓடினாள். நான் மைதான ஓரத்தில் கயிறு தாண்டுகிற பிள்ளைகளோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இடுப்பில் தோல் உரிந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். "பரவால்ல விடு, அப்பா இனிமே தூங்குவாருல்ல" என்றாள்.

ஏறிய அட்டையை இறங்க விடக் கூடாது அல்லவா? வைகாசியில் அந்த இரண்டோடு அரை வீசையும் சேர்ந்தது. அம்மா இளைத்துக்கொண்டே போனாள், அட்டை மட்டும் இளைக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போன ஒரு பெண்ணை எதிரே நிறுத்திக்கொண்டு நூற்று நாலு என்று எழுதினார்கள். கண் என்று ஒன்று எதற்கு இருக்கிறது முகத்தில்? எடை நாளில் ஓடும்போது கற்கள் ஒன்றோடொன்று இடித்து டங் டங் என்று சத்தம் வரும். பி.டி. மாஸ்டர் ஒரு நாள், "என்னம்மா, கொலுசா?" என்று கேட்டார். அம்மா கொலுசே போட்டதில்லை. அவர் அவள் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வழக்கம்போல் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு விசிலை ஊதினார். தெரிந்துகொண்டே திரும்பிக்கொண்ட அந்த மனிதரை நான் மன்னிக்கவே இல்லை.

வைகாசிக் கடைசியில் ஆரோக்கிய தினம் என்று ஒரு விழா. பந்தல், காகிதக் கொடி, பவுடர் பாலில் செய்த பாயசம். லைனிலேயே சிறந்த ஆரோக்கியக் குடும்பம் என்று எங்கள் பெயரைப் படித்தார்கள். அம்மாவுக்கு ஒரு வெள்ளி முலாம் பூசிய கோப்பை. மேம்சாப் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு கணம் அவர் முகம் மாறிற்று.

"கை இப்படிச் சுடுதே. வெயில்ல நின்னீங்களா?"

"ஆமாங்க மேம்சாப், வெயிலுங்க."

அவ்வளவுதான். காய்ச்சலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையை விட்டுவிட்டு, போட்டோவுக்குச் சிரித்தார். பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். என் பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம் அனுப்பியவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாமே! அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

ஆனி மாத முதல் சனிக்கிழமை. எடை முடிந்து ஓட்டம். மூன்றாவது ரவுண்டில் அம்மா நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள், அப்படியே உட்கார்ந்தாள். வெள்ளை ஷூவின் மேல் ரத்தம் சொட்டியது. காக்கிப் பை பிய்ந்து மூன்று கற்களும் மண்ணில் விழுந்தன.

எல்லாரும் ஓடி வந்தார்கள். மேம்சாப் குனிந்து முதலில் எடுத்தது அம்மாவை அல்ல, கல்லை. "இது என்ன? இதைக் கட்டிக்கிட்டா எடை பார்த்தீங்க? அப்ப அனுப்பின அட்டையெல்லாம் பொய்யா? நான் மேல என்ன பதில் சொல்வேன்?" என்றார்.

சாச்சி வரிசையை விட்டுப் பாய்ந்து வந்தார். "கல்லை அப்புறம் எண்ணிக்கங்கம்மா, மனுசியத் தூக்குங்க!" என்று போட்ட சத்தத்தில் மைதானம் முழுக்க அடங்கிற்று. கம்பவுண்டர் மாமா பேனாவைப் போட்டுவிட்டு வந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்தார். ஐந்து மாதமாக அவள் எடையை எழுதியவர், அன்றைக்குத்தான் அவளைத் தொட்டார். "பெருமாளே, நெருப்பா கொதிக்கறதே" என்று அங்கேயே அழுதுவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நுரையீரலும் போய்விட்டது, நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டே பிழைக்க வைத்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். அப்பாவுக்குத் தந்தி போயிற்று.

அப்பா வந்தார். விந்தி விந்தி நடந்து வந்தார். டாக்டர் சொன்னதை நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து நூலால் கட்டிய ரோஸ் அட்டைகளை எடுத்தார். "இங்க பாருங்க சார், சித்திரைல நூத்தி நாலு. டாக்டர் கையெழுத்து இருக்கு. க்ஷேமம்னு எழுதியிருக்கு. நீங்க வேற யாரையோ சொல்றீங்க" என்றார். டாக்டர் அட்டையை வாங்கவே இல்லை. கட்டிலைக் காட்டினார். கட்டிலில் அம்மா போர்வைக்கு அடியில் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது.

அப்பா கட்டில் அருகே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. பனி தின்றுவிட்டதாம், கார்த்திகையிலேயே. அம்மா அந்தக் காலைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்து இருமினாள். "தினமும் ஓடுறேன்னு எழுதினீங்களே" என்றாள். அப்பா அவள் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். 

ஆடி பிறந்து ஆறாம் நாள் அம்மா போய்விட்டாள். காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. கரையில் காரியம் முடிந்து, ஈரத் துண்டோடு அப்பா படித்துறையில் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்தக் கல்லை யாரு கட்டினா பாப்பா?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். "அம்மாவேதான் கட்டிக்கிட்டாங்க" என்றேன்.

"எனக்கு ஏண்டி பொய் அனுப்பினா?" என்று அவர் கேட்டார். நான் அவருடைய ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்தேன்.

கற்களைச் சென்டரில் எடுத்து வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவே இல்லை. மண்ணச்சநல்லூர் மாமாவும் அவற்றைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. அடுத்த மாதம் முதல் எடை பார்க்கும்போது பெண்களின் இடுப்பைத் தடவிப் பார்க்க ஒரு ஆயாவைப் போட்டார்கள். கல் இருக்கிறதா என்று தேடத்தான். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க யாரையும் போடவில்லை.

அப்பா முப்பது வருஷம் இருந்தார். ஒவ்வொரு திவசத்தன்றும் இலை போட்டுவிட்டு, "உங்கம்மா என்னை ஏமாத்திட்டா" என்பார். முதலில் அழுகையோடு சொன்னார், போகப் போகக் கசப்போடு சொன்னார். செத்துப்போன பெண்ணின் மேல் ஒரு மனிதர் முப்பது வருஷம் கோபப்பட்டார். அந்தக் கோபம் என் மேல் வந்திருக்க வேண்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தேன். மேம்சாப் மேல், டாக்டர் மேல், பி.டி. மாஸ்டர் மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்களைத் திட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும், இன்னொரு பெயரைத் தாண்டிக்கொண்டு போகிறேன் என்று.

கடைசியாக அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தார். "சொல்லுடி, அரை வீசை, கால் வீசை வச்சிருந்தாக்கூட எடை இறங்கறதைப் பார்த்து யாராவது நோயைக் கண்டுபிடிச்சிருப்பாங்க. அவ ஏன் அவ்வளவு வச்சா?" என்று கேட்டார்.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. "காய்ச்சல் அடிக்குதுப்பா, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி எழுந்து வெளியே வந்துவிட்டேன்.